எஃகின் இலக்கணம்

எஃகு என்னும் சொல்லை நாம் முதன்முதலாகக் கற்றது இலக்கண வகுப்பில்தான். அஃது, இஃது, எஃகு, கஃசு என ஆய்த எழுத்துக்கு எடுத்துக்காட்டுகளை வரிசைப்படுத்திச் சொல்லும்போது, அது வெட்டும் கருவியாகும் உலோகம் என்னும் எண்ணம் நமக்கு எழுந்ததில்லை. தனித்து இயங்காமல், குற்றெழுத்து ஒன்றுக்கும் வல்லின உயிர்மெய் ஒன்றுக்கும் இடையில் நின்று ஒலிக்கும் சார்பெழுத்து ஆய்தம் என்பதை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்டோம். பின்னாளில் உலோகவியல் நூல்களைப் புரட்டியபோது அவ்விலக்கணமே வேறோர் உருவில் எதிர்ப்பட்டது. செஞ்சூட்டில் இருக்கும் இரும்பின் அணுவரிசைக்குள், அணுக்களுக்கு இடையேயுள்ள சிறு இடைவெளிகளில் கரிம அணுக்கள் புகுந்து அமர்கின்றன. அந்நிலையில் இரும்பைத் திடீரெனக் குளிர்வித்தால், வெளியேற வழியற்ற கரிமம் அங்கேயே சிக்கி, சுற்றியுள்ள இரும்பணுக்களை விலகவொட்டாமல் இறுக்கிவிடுகிறது. மெல்லிய இரும்பு வன்மை பெற்று எஃகாக நிற்பதன் அடிப்படை இதுவே. இடையில் நிற்கும் சிறியது ஒன்று சொல்லின் ஓசையை மாற்றுவதுபோல, நூற்றில் அரைப்பங்கும் இல்லாத கரிமம் இரும்பின் குணத்தையே மாற்றிவிடுகிறது.

இக்கல்லூரியில் வேதியியலை முதன்மைப் பாடமாகவும், பகுதி ஒன்றில் தமிழையும் பயின்று வெளியேறிய நாம், திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் உள்ள தொழிற்கூடங்களில் உலோகங்களைச் சோதிக்கும் பணியில் பல ஆண்டுகளைக் கழித்திருக்கிறோம். தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை வேண்டுமென அன்புடன் கேட்கப்பட்டபோது, நம் தொழிலைப் பற்றி எழுதுவது பொருந்துமா என்னும் ஐயம் எழுந்தது. ஆயினும், எந்த வேலைக்கு எந்த எஃகு என்று தேர்வதும், முறிந்தது ஏன் முறிந்தது என்று ஆராய்வதும், சொல்லைத் தேர்வதற்கும் பொருளை ஆராய்வதற்கும் நெருங்கிய உறவுடையவை என்று நமக்குத் தோன்றுகிறது. அதனால் துணிந்து எழுதுகிறோம்.

தமிழ் நிலத்தின் உருக்கு

எஃகு நமக்கு வந்தேறிய பொருள் அன்று. வீரனை உருவாக்குவதில் தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் உள்ள கடமைகளைச் சொல்ல வந்த பொன்முடியார், கொல்லனின் கடமையையும் அவற்றோடு சேர்த்தே புறநானூற்றில் பாடினார். பொருளின் ஆற்றலைக் கூற வந்த வள்ளுவர் எஃகின் கூர்மையை அதற்கு ஒப்பாக நினைத்தார். இவை வெறும் கற்பனைகள் அல்ல என்பதை அகழாய்வுகள் காட்டின. நொய்யலாற்றங்கரைக் கொடுமணலில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் நடத்திய அகழாய்வுகளில் இரும்பை உருக்கிய உலைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளையில் கிடைத்த மாதிரிகளைக் கொண்டு, தமிழகத்தில் இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டு வரை செல்கிறது எனத் தமிழக அரசின் தொல்லியல் துறை 2025 சனவரியில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

மூடிய மண்மூசையில் இரும்பையும் தாவரப் பொருள்களையும் இட்டு, நெடுநேரம் உருக்கி, மெல்லக் குளிரவிட்டுத் தென்னாட்டார் செய்த கட்டிகளே உலகம் ‘ஊட்ஸ்’ என்று அழைத்த உயர்கரிம எஃகாகும். ‘உருக்கு’, ‘உக்கு’ என்னும் தென்னிந்தியச் சொற்களோடு இப்பெயரைத் தொடர்புபடுத்துவர். இந்த எஃகு கடல் கடந்து மேற்காசியச் சந்தைகளை அடைந்தது. இந்திய எஃகால் ஆன வாளுக்கு ‘முஹன்னத்’ என்னும் பெயரே அரபு மொழியில் வழங்கிற்று. ‘ஹிந்த்’ என்னும் நாட்டுப்பெயரிலிருந்து பிறந்த சொல் அது. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அறிஞர் அல்கிந்தி, வாள்களை அவற்றின் எஃகு வகையால் பிரித்தறியும் முறையைத் தனி நூலாகவே எழுதினார். பொருளின் பிறப்பிடமும் குணமும் அறிந்து வாங்க வேண்டும் என்னும் எண்ணம் அன்றே வேரூன்றியிருந்தது என்பது இதனால் விளங்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலண்டனில் மைக்கேல் ஃபாரடே, தம் மின்னியல் கண்டுபிடிப்புகளுக்கு முன்பே, இந்த ஊட்ஸ் எஃகை ஆராய்ந்தார். அவரும் ஒரு கொல்லரின் மகனே. 1819இல் அவர் வெளியிட்ட ஆய்வில் இதன் சிறப்புக்கு அலுமினியம் முதலியவற்றைக் காரணமாகக் கருதினார். உண்மைக் காரணம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவிலான கரிமமும், அது உள்ளே அடுக்கடுக்காகப் பிரிந்து நின்ற முறையும் என்பது பின்னரே தெளிவாயிற்று. எனினும் அந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்து அவர் இரும்போடு நிக்கல், வெள்ளி, பிளாட்டினம் முதலியவற்றைக் கலந்து பார்த்தார். இன்றைய உலோகக்கலவை எஃகு ஆராய்ச்சியின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. 1830களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் என்னும் ஆங்கிலேயர், பின்னர் இங்கிலாந்து திரும்பி, 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். சேலத்துக் கஞ்சமலையின் இரும்புக்கல்லும் பரங்கிப்பேட்டையின் கடற்கரையும் உலக உலோகவியலில் இவ்வாறு இடம்பெற்றுள்ளன.

தொழிற்பேட்டையின் நிகண்டு

இராமானுசர் பிறந்த ஊராக அறியப்பட்ட திருப்பெரும்புதூரின் சுற்றுப்புறம், 1990களின் இறுதியிலிருந்து வேறு முகம் கொள்ளத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நாட்டு ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010இல் ரெனோ, நிசான் கூட்டணியின் ஆலையும், 2012இல் செருமானிய டைம்லரின் சரக்குந்து ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டின் ஆலையும் தொழிலைத் தொடங்கின. இவ்வாலைகளுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறிய, நடுத்தரத் தொழிற்கூடங்கள் வல்லம், வடகால், மாம்பாக்கம் என ஏரிக்கரைகளை ஒட்டிப் பெருகின.

கொரியரும் சப்பானியரும் செருமானியரும் பிரெஞ்சுக்காரரும் ஒரே சாலையில் தொழில் நடத்தும்போது, எஃகின் பெயர்கள் பெருகுவது இயல்பு. எடுத்துக்காட்டாக, குரோமியமும் மாலிப்டினமும் கலந்த ஒரு நடுத்தரக் கரிம எஃகு இருக்கிறது. நம் பட்டறைக்காரர்கள் ஆங்கிலேயர் விட்டுச்சென்ற பழக்கத்தில் அதை ‘இ.என். 19’ என்பர். அமெரிக்க வரைபடத்தில் அதுவே ‘4140’. சப்பானிய, கொரிய வரைபடங்களில் ‘எஸ்.சி.எம். 440’. செருமானிய வரைபடத்தில் ‘42 குரோம் மாலி 4’. இவை ஒருபொருட் பன்மொழிகள். ஆனால் மொழியில் ஒருபொருட் பன்மொழிகள் முழுதும் ஒன்றாகிவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம். ‘சொன்னான்’ என்பதும் ‘மொழிந்தான்’ என்பதும் அகராதியில் ஒன்று, இடத்தால் வேறு. அவ்வாறே இவ்வெஃகுகளுக்கும் கந்தகத்தின் உச்ச அளவு, மாங்கனீசின் எல்லை, சோதனை முறை ஆகியவற்றில் சிறு வேறுபாடுகள் உண்டு. பெரும்பாலான வேலைகளில் அவ்வேறுபாடு பொருட்டன்று. பொருட்டாகும் வேலை எது என்று அறிவதே தேர்வாளரின் திறமை.

இதற்கு மாறாக, பலபொருள் ஒருசொல்லும் உண்டு. பட்டறையில் ‘எஸ்.எஸ்.’ என்றால் துருவேறா எஃகு. அச்சொல்லின்கீழ் இருநூறு வரிசை, முந்நூறு வரிசை, நானூறு வரிசை எனக் குணத்தால் பெரிதும் வேறுபட்டவை அடங்கிக் கிடக்கின்றன. ‘எஸ்.எஸ். வாங்கி வா’ என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிய பின்னர் நேர்ந்த இழப்புகளை எழுதத் தொடங்கினால் இம்மலரின் பக்கங்கள் போதா.

தேர்வில் இன்னொரு நுட்பம் பருமன். இ.என். 8 என்னும் சாதாரண நடுத்தரக் கரிம எஃகைச் சிறிய ஊசியாகச் செய்து சூடேற்றித் தோய்த்தால், உட்புறம் வரை கடினப்படும். அதே எஃகில் 100 மில்லிமீட்டர் தடித்த அச்சுத்தண்டு செய்தால், மேல்தோல் மட்டுமே விரைந்து குளிர்ந்து கடினமாகும். நடுப்பகுதி மெல்லக் குளிர்வதால் மென்மையாகவே நிற்கும். குரோமியம், மாலிப்டினம், நிக்கல் ஆகியவற்றைச் சேர்ப்பதன் பெரும்பயன், மெல்லக் குளிரும் உட்பகுதியும் கடினமாகுமாறு செய்வதே. தடித்த தண்டுக்கு நிக்கல் கலந்த இ.என். 24ஐ நாடுவதன் காரணம் இதுதான். மெல்லிய ஊசிக்கும் அதையே வாங்குவது வீண்செலவு.

கலந்து கிடக்கும் கம்பிகளை இனம்பிரிக்க இன்று துப்பாக்கி வடிவிலான ஊடுகதிர்க் கருவி உண்டு. குரோமியத்தையும் நிக்கலையும் நொடியில் சொல்லும் அக்கருவி, எஃகின் உயிரான கரிமத்தை மட்டும் காணமாட்டாது. அதற்கு ஆய்வகத்தில் மின்பொறி ஒளிமானி வேண்டும். ஆனால் நம்மோடு பணியாற்றிய முதிய மேஸ்திரி ஒருவருக்குச் சாணைச்சக்கரமே போதுமானதாக இருந்தது. கம்பியைச் சக்கரத்தில் வைத்துப் பறக்கும் பொறியை உற்றுநோக்குவார். நீண்ட கோடாக ஓடி, நுனியில் சில பிரிவுகளே விட்டால் கரிமம் குறைவு. மத்தாப்பூப்போல் அடர்ந்து வெடித்தால் கரிமம் மிகுதி. பொறியின் முனையில் ஈட்டிமுனைபோல் ஒரு துண்டு தனித்துத் தெரிந்தால் மாலிப்டினம் உண்டு. அவர் பிரித்து வைத்த கம்பிகளைப் பின்னர் ஆய்வகத்தில் சோதித்தபோது, அவருடைய கண் பெரும்பாலும் பிழைபட்டதில்லை.

வலிமையே நோயானபோது

நம் பணிக்காலத்தில் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்த நிகழ்ச்சி, ஒரகடம் சாலையை ஒட்டிய துணைத்தொழிற்கூடம் ஒன்றில் நடந்தது. கனமான உறுப்புகளைத் தூக்கிச் செல்லும் தூக்குச்சட்டம் ஒன்றைப் பதினாறு போல்ட்டுகளால் பிணைத்திருந்தனர். அச்சட்டத்தின் கீழேதான் ஒவ்வொரு முறைப்பணியிலும் ஆட்கள் நின்று வேலை செய்வார்கள். வலிமையில் குறை இருக்கலாகாது என்று கருதி, சந்தையில் கிடைக்கும் மிக உயர்ந்த 12.9 வகைப் போல்ட்டுகளையே வாங்கினர். கறுப்பாக இருந்த அவை துருப்பிடிக்காமல் பளபளப்பாக இருக்கட்டும் என்று, அருகிலிருந்த பூச்சுக்கூடத்தில் மின்முறையில் துத்தநாகம் பூசச் செய்தனர்.

சட்டம் பொருத்தப்பட்ட மறுநாட் காலை, தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர், ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர், ஆறுபட்டைப் போல்ட்டுத் தலை ஒன்றைக் கண்டெடுத்தார். குப்பையோடு தள்ளிவிடாமல் அதை எடுத்து வந்து நம்மிடம் காட்டி, தெரிந்த தமிழில் கேட்டார்: “சார், ராத்திரி மெசின் ஓடவே இல்லை. இது எப்படி உடைஞ்சது?” மேலே ஏறிப் பார்த்தபோது பதினாறில் மூன்றுக்குத் தலையில்லை.

வேலைமிகுதியால் முறிந்தது என்பது முதலில் எழுந்த கருத்து. அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார்கள் என்பது இரண்டாவது கருத்து. இறுக்கும் கருவியைச் சோதித்தோம்; அளவு சரியாக இருந்தது. போல்ட்டின் வேதிப்பொருள்களைச் சோதித்தோம், சரி. கடினத்தன்மை ராக்வெல் அளவில் 41. அதுவும் அவ்வகைக்கு விதிக்கப்பட்ட எல்லைக்குள்தான். எல்லாம் சரியாக இருந்தும் முறிந்திருக்கிறது. அதுவும் சுமை ஏதும் இல்லாத இரவில் முறிந்திருக்கிறது. அந்த இளைஞரின் கேள்வியே விடைக்கு வழிகாட்டிற்று. இறுக்கியவுடன் முறியாமல், சில மணி நேரம் கழித்து, தொங்கும் சுமையின்றியே முறிவது நீரகம் புகுந்த எஃகின் அடையாளம்.

துத்தநாகம் பூசுவதற்குமுன் துருவைப் போக்க அமிலத்தில் முக்குவர். அமிலம் இரும்போடு வினைபுரியும்போதும், பின்னர் மின்முறையில் பூசும்போதும் நீரக அணுக்கள் பிறக்கின்றன. அணுக்களிலெல்லாம் சிறிய அவை எஃகுக்குள் எளிதில் புகுகின்றன. மேலே படிந்த துத்தநாகம் அவை வெளியேறும் வழியை அடைத்துவிடுகிறது. போல்ட்டை இறுக்கியதும், இழுவிசை மிகுந்த இடமாகிய தலையின் அடிக்கழுத்தை நோக்கி அவை மெல்ல நகர்ந்து திரள்கின்றன. அங்கு எஃகின் மணிகளுக்கு இடையேயுள்ள பிணைப்பைத் தளர்த்துகின்றன. முறிந்த முகத்தை மின்னணு நுண்ணோக்கியில் கண்டபோது, கற்கண்டுக் கட்டியை உடைத்தாற்போல் மணிமணியாகப் பிரிந்திருந்தது. பூசியவுடன் சில மணி நேரத்திற்குள் 200 பாகை செல்சியசு அளவில் நெடுநேரம் சுட்டுவைத்தால் நீரகத்தின் பெரும்பகுதி அகன்றுவிடும். அவ்வாறு சுட்டதற்கான குறிப்பு பூச்சுக்கூடத்தில் இல்லை.

நீரகத்தின் கேடு மென்மையான எஃகைப் பெரிதும் தாக்குவதில்லை. கடினமும் வலிமையும் மிக மிக அதன் தாக்குதல் மிகுகிறது. ஆகவே எந்த வலிமையை விரும்பி அப்போல்ட்டுகளை வாங்கினார்களோ, அந்த வலிமையே அவற்றின் நோய்க்கு இடமளித்தது. கூட்டத்தில் பேசிய ஒருவர், இதைவிட உறுதியான போல்ட்டு வெளிநாட்டில் கிடைக்குமா என்று வினவினார். நாம் கூறிய மருந்தோ அதற்கு நேர்மாறாக இருந்தது: வலிமை குறைந்த 8.8 வகையை வாங்குங்கள், பருமனைக் கூட்டுங்கள். இவ்வெண்களின் பொருள் எளிது. முதலெண்ணை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மில்லிமீட்டர் தாங்கும் இழுவிசை நியூட்டனில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர்ப் போல்ட்டின் மரைப்பகுதிப் பரப்பு ஏறத்தாழ 84 சதுர மில்லிமீட்டர், 12.9 வகையில் அது 101 கிலோநியூட்டன் அளவில் தாங்கும். 16 மில்லிமீட்டர்ப் போல்ட்டின் பரப்பு 157, அது 8.8 வகையிலேயே 125 கிலோநியூட்டன் தாங்கும். தாழ்ந்த வகை எனப்பட்டதைக் கொண்டே மிகுந்த காப்பைப் பெறலாம்.

துளைகளைப் பெரிதாக்க மூன்று நாள் வேலையை நிறுத்த வேண்டும். உறுப்புகளைக் குறித்த நேரத்தில் அனுப்பாவிட்டால் அந்தச் சிறிய தொழிற்கூடம் தண்டத்தொகை கட்ட நேரும். எஞ்சிய பதின்மூன்றும் முறியவில்லையே, மூன்றை மட்டும் மாற்றி ஓட்டலாகாதா என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்வியை நாம் இகழவில்லை. அறுபது குடும்பங்களின் கூலி அதில் அடங்கியிருந்தது. ஆனால் அந்தப் பதின்மூன்றும் அதே அமிலத்தில் முக்கப்பட்டவை. எது எப்போது முறியும் என்று எவராலும் சொல்லவியலாது. தொழிற்கூட உரிமையாளர் நெடுநேரம் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஆட்களை வெளியே வரச் சொன்னார். மூன்று நாளும் வேலை நின்றது. கழற்றிய பதின்மூன்றில் இரண்டில், தலையின் கீழே மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருந்தன.

செல்வமும் அறிவும் மிகுந்த நாடுகளிலும் இத்தகையது நடந்திருக்கிறது. அமெரிக்காவின் சான் பிரான்சிசுகோ–ஓக்லாந்து விரிகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில், துத்தநாகம் பூசப்பட்ட உயர்வலிமை எஃகுக் கம்பிகள் 96ஐ 2013 மார்ச்சில் இறுக்கியபோது, இரண்டே வாரத்தில் 32 முறிந்தன. நீரகமே காரணம் எனக் கண்டனர். அக்கம்பிகளின் பணியை ஏற்கப் புதிய எஃகுச் சேணத்தையே அமைக்க நேர்ந்தது.

துருவேறாததும் பிளக்கும்

இங்கிலாந்தின் செஃபீல்டு நகரத்தவரான ஹாரி பிரியர்லி 1913இல் துருவேறா எஃகை உருக்கி எடுத்தார். பத்து விழுக்காட்டுக்கு மேல் குரோமியம் சேர்ந்தால், எஃகின்மீது கண்ணுக்குப் புலப்படாத ஒரு மெல்லிய ஆக்சைடுப் படலம் தானே உண்டாகிக் காக்கிறது. கீறினாலும் தானே வளர்கிறது. நம் நாட்டில் சேலம் உருக்காலை 1980களின் தொடக்கத்திலிருந்து இதன் தகடுகளைச் செய்து வருவதால், வீட்டுப் பாத்திரங்கள் வாயிலாக எல்லோரும் இதனை அறிவர். ‘துருவேறாதது’ என்னும் பெயரே இதன்மீது அளவிறந்த நம்பிக்கையை வளர்த்துவிட்டது.

உறுப்புகளைச் சுடுநீரால் கழுவும் ஓரிடத்தில், 304 வகைத் துருவேறா எஃகுக் குழாய்கள் ஓராண்டிற்குள் வளைவுகளில் கசியத் தொடங்கின. வெளித்தோற்றத்தில் துரு இல்லை. குழாயின் சுவரும் தேயவில்லை. வெட்டியெடுத்து மெருகிட்டு நோக்கியபோது, மரத்தின் வேர்போலக் கிளைவிட்ட வெடிப்புகள் சுவரை ஊடுருவியிருந்தன. குழாயில் ஓடியது லாரியில் வந்த கிணற்று நீர். அதிலுள்ள குளோரைடு உப்பு அளவில் மிகுதியன்று. ஆனால் 80 பாகை வெப்பத்தில், கசிந்த நீர் வெப்பக்காப்புப் போர்வையின் அடியில் வற்றிவற்றி உப்பைத் திரட்டிவிட்டது. குழாயை வளைத்தபோதும் பற்றவைத்தபோதும் உள்ளே தங்கிய இறுக்கம் மற்றொரு காரணம். உப்பு, வெப்பம், இறுக்கம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடினால் இவ்வகை எஃகு பிளக்கும். மூன்றில் ஒன்றை நீக்கினால் பிழைக்கும்.

இதன் கொடுமையைச் சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரம் 1985இல் கண்டது. உள்ளரங்க நீச்சற்குளம் ஒன்றின் கற்காரைக் கூரையைத் துருவேறா எஃகுக் கம்பிகளால் தொங்கவிட்டிருந்தனர். குளத்துக் காற்றின் குளோரைடு படிந்து கம்பிகள் பிளக்க, கூரை இடிந்து பன்னிருவர் மாண்டனர். நம் இடத்திலோ குழாய்கள் கசிந்ததோடு முடிந்தது. 22 விழுக்காடு குரோமியமும் 5 விழுக்காடு நிக்கலும் 3 விழுக்காடு மாலிப்டினமும் கொண்ட 2205 வகை இருநிலை எஃகைப் பரிந்துரைத்தோம். உப்பு நீக்கிய நீரையே பயன்படுத்துமாறும் கூறினோம். இரண்டும் செய்யப்பட்டபின் கசிவு நின்றது.

பழி எஃகின்மேல்

உருகிய அலுமினியத்தை அழுத்தி வார்க்கும் அச்சுகளின் வாழ்க்கை கடினமானது. 650 பாகைக்கு மேற்பட்ட உலோகம் ஒரு கணம் வந்து மோதும்; அடுத்த கணம் நீர் கலந்த மசகுத் தெளிப்பு குளிர்விக்கும். இவ்வாறு பல்லாயிரம் முறை. இதற்கெனவே அமைந்தது எச் 13 என்னும் கருவி எஃகு. 0.4 விழுக்காடு கரிமம், 5 விழுக்காடு குரோமியம், ஒன்றரை விழுக்காட்டை நெருங்கும் மாலிப்டினம், ஒரு விழுக்காடு வனேடியம் அதிலுண்டு. நல்ல அச்சு முதிர்ந்து சாகும்போது அதன் முகத்தில் வறண்ட ஏரிபோல் வெடிப்புவலை படரும். அது இயற்கை மரணம்.

ஓரிடத்தில் அச்சுகள் சில ஆயிரம் வார்ப்புகளிலேயே மூலையில் பிளந்தன. எஃகு விற்றவரை மாற்றினர், பின்னர் விலைமிக்க அயல்நாட்டு எஃகை வருவித்தனர், அதுவும் பிளந்தது. பிளவு எப்போதும் ஒரே மூலையில், பெரும்பாலும் வாரத்தின் முதல்நாள் வேலை தொடங்கிய சற்றுநேரத்தில் நிகழ்வதை ஏட்டிலிருந்து கண்டோம். ஞாயிறு முழுதும் குளிர்ந்து கிடந்த அச்சைச் சூடேற்றாமலே உருகிய உலோகத்தைச் செலுத்தியிருக்கிறார்கள். வரைபடத்தில் அம்மூலை கத்திமுனைபோல் கூராக இருந்தது. மின்பொறியால் குடைந்தபோது அங்கு உண்டான நொறுங்கும் வெண்படலமும் தேய்த்து நீக்கப்படவில்லை. மூலையை வளைத்து, படலத்தை மெருகிட்டு நீக்கி, அச்சை 200 பாகை அளவுக்கு முன்னரே சூடேற்றியதும், முன்பு பழிசுமந்த பழைய எஃகே தன் முழு வாழ்நாளையும் வாழ்ந்தது. சொற்குற்றம் எது, பொருட்குற்றம் எது, படியெடுத்தவர் பிழை எது எனப் பிரித்தறியும் பதிப்பாசிரியரின் பொறுமை இவ்வேலைக்கும் வேண்டும்.

தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோள்

மேற்கண்ட மூன்று நிகழ்ச்சிகளிலும் எஃகைப் பற்றிய அறிவு எங்கோ இருந்தது. வேண்டிய இடத்தில், வேண்டியவர் மொழியில் இல்லை. பூச்சுக்கூடத்தில் நிற்பவருக்கு ‘நான்கு மணிக்குள் சுடு’ என்று அவர் படிக்கும் மொழியில் ஒரு பலகை இருந்திருக்குமாயின், அப்போல்ட்டுகள் அந்நிலையில் மேலே ஏறியிரா. ஆலைகளின் நெறிமுறை ஏடுகள் ஆங்கிலத்தில் உள்ளன. சில, கொரிய மொழியிலிருந்தும் சப்பானிய மொழியிலிருந்தும் பெயர்க்கப்பட்டவை. உலையருகிலும் சாணையருகிலும் நிற்போர் தமிழிலும் ஒடியாவிலும் இந்தியிலும் பேசுகின்றனர்.

கொல்லர்களிடம் சொல்வளம் உண்டு. எஃகைச் சூடேற்றி நீரிலோ எண்ணெயிலோ முக்குவதைத் தோய்ச்சல் என்பர். மீண்டும் இளஞ்சூட்டில் காய்ச்சும்போது மேற்பரப்பில் முதலில் வைக்கோல் நிறமும், பின்னர் ஊதாவும், முடிவில் நீலமும் படர்வதைக் கண்டு, அரிவாளுக்கு எது, உளிக்கு எது எனப் பதம் பார்ப்பர். இச்சொற்களையும், பட்டறைகளில் வழங்கும் போல்ட்டு, டை, வெல்டிங் முதலிய சொற்களையும் ஒதுக்காமல் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும் எச்சரிக்கையும் கொண்ட சிறு கையேடு ஒன்றைத் தமிழ்த்துறை மாணவர்கள் தொகுக்கலாம். விடுமுறையில் பத்து மாணவர் ஒரகடம் வந்தால், பட்டறைகளுக்கு அழைத்துச் செல்லவும், உலோகவியற் செய்திகளைச் சரிபார்த்துத் தரவும் நாம் அணியமாக இருக்கிறோம். ஒடியா, இந்தி மொழிபெயர்ப்புக்கும் ஆட்களைத் தேடிக்கொள்ளலாம்.

அக்கையேட்டின் முதற்பக்கத்தில், உடைந்த பொருளைக் கண்டால் குப்பையில் எறியாதீர். எடுத்து வைத்துக் கேளுங்கள் என்று அச்சிட வேண்டும் என்பது நம் விருப்பம். கேட்பவர் எவராயினும் நின்று விடை சொல்ல வேண்டும் என்று மேற்பார்வையாளர்களுக்கும் ஒரு வரி சேர்க்கலாம்.